ராத்திரிக்கு என்னா சமையல்

விடிவதற்கு முன்னால் வேலைக்குக் கிளம்புகிற பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால், "ராத்திரிக்கு என்னா சமையல்?" என்பதுதான் அது. அந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் வருடக்கணக்கில் கேட்டார். வேலை நாள் ஒன்றுகூட விடாமல் கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான் அவர்.

மலேசியாவில், ஜொகூர் ஸ்கூடாயில் நாங்கள் இருப்பது வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பு. எனக்குச் சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு முன்மேசை வேலை. ஐந்து மணிக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் இரண்டு நாட்டுக்கும் நடுவில் உள்ள பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, தூக்கம் பாதியும் எரிச்சல் பாதியுமாக இரும்புக் கேட்டைத் திறப்பேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பார். கைலி, மகனுடைய பழைய ஜெர்சி, கையில் பாலில்லாத கோப்பி ஓ. தூங்கினாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்ற பேச்செல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே அந்தக் கேள்விதான் வரும்.

காலையில் பசியாறவே வழியில்லாமல் ஓடுகிறவளுக்கு ராத்திரிச் சமையல் எங்கே ஞாபகம் இருக்கும்? ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நழுவினால் பஸ் நிறுத்தம் வரைக்கும் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு கூடவே வருவார். அதனால் வாயில் வந்ததைச் சொல்வேன். சார்டின் குழம்பு என்பேன், ரசமும் முட்டையும் என்பேன், ஒன்றும் தோன்றாவிட்டால் கோழிச் சம்பல் என்பேன். "சரிம்மா, பாத்துப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். தாமானில் வேறு யாரிடமும் அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய் இவ்வளவு அலட்டலா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அந்த வருடங்களில் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை நான் பாலத்தில் நிற்பேன். நான் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். மிச்சமிருக்கும் ஒரே சனிக்கிழமை, துணி துவைப்பதிலும் பாசாருக்குப் போய் வருவதிலும் கரைந்துவிடும். என் வீட்டுக்காரருக்குப் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. தனக்கு என்றைக்கு லீவு என்பது அவருக்கே முதல் நாள்தான் தெரியும். ஆக, மகளும் மகனும் விழித்திருக்கும்போது நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதென்றால் அது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான். நான் சமைத்ததை அவர்கள் பசியோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எதிரில் உட்கார்ந்து நான் அதைப் பார்க்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அந்த ஒன்றைத்தான் அக்கா எனக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்.

அக்காவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகன் சிகாமட்டில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு தங்கிவிட்டான். பள்ளி விட்டதும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, கேட்டு முடிப்பதற்குள் சரி என்றவர் அவர். மகள் அப்போது முதலாம் ஆண்டு, மகன் பாலர் பள்ளி. இரண்டு பேருக்கும் அவர் பெரியம்மா. மதியம் வந்ததும் குளிக்க வைப்பார், வீட்டுப் பாடம் எழுத வைப்பார், சண்டை போட்டால் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைப்பார். அந்த விஷயத்தில் எல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான்.

சார்டின் குழம்பில்தான் முதலில் பிடிபட்டார். அன்றைக்கு நான் ஏழரைக்கு வீடு வந்து, உடை மாற்றக்கூட நேரமில்லாமல் டின்னைத் திறந்து, உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு வைத்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மகன் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தான்மா பெரியம்மா வீட்ல சாப்பிட்டோம்" என்றான். சரி, ஒரு நாள் ஒத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ரசமும் முட்டையும். அதையும் சாப்பிட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் தௌகே என்கிற முளைப்பயறுப் பிரட்டலும் வறுத்த நெத்திலியும் செய்தேன். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. காலையில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே சாயங்காலம் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஒருவர் தன் வீட்டில் எதை வேண்டுமானாலும் சமைக்கலாம். ஆனால் என் சமையலையே எனக்கு முன்னால் சமைத்து, என் பிள்ளைகளுக்கே போட்டுவிட்டால் நான் என்னத்தைச் செய்வது? ஒரு தட்டு சோறு முழுதாக மிச்சமாகி மறுநாள் எனக்கே மதியச் சாப்பாடாக வரும். மருத்துவமனையின் பின் அறையில் உட்கார்ந்து ஆறிப்போன தௌகேயைத் தின்னும்போது அக்காவின் முகம்தான் கண் முன்னால் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கருகே நின்று பக்குவமாகப் பேசிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ரொட்டியோ பிஸ்கட்டோ போதும், சோறு நான் வந்து போட்டுக்கொள்கிறேன் என்றேன். "சரிம்மா" என்றார். அந்தச் சரி இருக்கிறதே, அதை நம்பி ஏமாந்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்று பிற்பாடு அவருடைய மகனே சொன்னான். மறுநாள் ராத்திரி என் மகனுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. விடிகாலையில் கேட்டால், ஒரு வாய்தான் கொடுத்தேன் என்றார்.

அவருடைய ஒரு வாய் எப்படிப்பட்டது என்று நான் ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். தட்டு நிறையச் சோறு. அதைப் பிசைந்து உருட்டி வரிசையாக வைப்பார். இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது நாளைக்குப் பரீட்சைக்கு என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். கடைசியில் தட்டைக் கழுவ வேண்டிய அவசியம்கூட இருக்காது. எல்லாம் சேர்ந்து அவர் கணக்கில் ஒரு வாய்.

இன்னொரு தடவை கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டபோது அவர் குரலை உயர்த்தவில்லை.

"உன் பஸ்ஸு எப்ப வரும்னு அந்த வயித்துக்குத் தெரியுமாம்மா? ஆறு மணிக்கு அதுங்க முகமே வாடிப் போவுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாலத்தில் நெரிசல் என்றால் ஏழரை என்பது எட்டரை ஆகும், ஒன்பதும் ஆகும். நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அநியாயமாக நடந்துகொள்கிறவரிடம் சண்டையாவது போடலாம்.

அப்புறம் நான் பொய் சொல்லத் தொடங்கினேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு என்று காலையில் சொன்னேன். கத்திரிக்காய் என்றாலே என் பிள்ளைகள் ஓடுவார்கள். அக்கா அதைச் சமைத்தால் சாப்பிட மாட்டார்கள், நான் வந்து கோழியைப் பொரித்தால் பறந்து வந்து சாப்பிடுவார்கள் என்பது என் கணக்கு. வந்து பார்த்தால் இரண்டு பேரும் கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிறார்கள். கோழிக்காலை மகள் மரியாதைக்கு ஒரு கடி கடித்தாள். "நீங்க புளிக்குழம்புதானேம்மா வைக்கிறதா இருந்துச்சு?" என்று என்னையே கேட்டாள்.

மறுநாள் காலை அக்கா சுவருக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து, என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகம் அப்படிச் சுருங்கிப் பார்த்ததே இல்லை.

"நேத்து நீ கத்திரிக்கா செய்யலையாமே. ஒன்னு சொல்லிட்டு ஒன்னு செஞ்சா, பிள்ளைங்ககிட்ட நான் என்னத்தம்மா சொல்றது?"

பிள்ளைகளிடம் இவர் எதற்கு என் சமையலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். ஆனால் அந்த முகத்துக்குப் பிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை. பொய்யும் போய்விட்டதா, எனக்கு மிச்சம் இருந்தது ஒரே வழிதான். அவரால் சமைக்க முடியாததாகப் பார்த்துச் சமைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் தூங்கியதே இல்லை. சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போதும், நின்றபடியே தூங்குகிறவர்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு வரும்போதும் கைப்பேசியில் சமையல் வீடியோதான். அரை மணி நேரத்தில் ராத்திரிச் சாப்பாடு, ஒரே சட்டியில் முழுக் குடும்பத்துக்கும் விருந்து, வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கான சுலப வழி. அந்த வீடியோவில் வருகிற பெண்கள் ஒருத்திக்கும் வியர்ப்பதில்லை. வெங்காயம் முன்னாலேயே நறுக்கிக் கிண்ணத்தில் இருக்கும், பிள்ளைகள் பசியோடு மேசையில் இருப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பார்த்தேன். தாய்லாந்துக்காரர்கள் துளசி இலை போட்டுக் கோழியைக் கொத்தி வதக்குவது, கொரியாக்காரர்கள் சோற்றின் மேல் முட்டையைக் கவிழ்ப்பது, வெள்ளிக்கிழமைச் சைவத்துக்குத் தெம்பே என்கிற சோயாக் கட்டியைத் தேன் கிச்சாப் சாற்றில் புரட்டுவது என்று ஒன்று விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மக்கரோனி என்றேன். அக்கா கோப்பியைச் சுவர்மேல் வைத்தார். அது எப்படிச் செய்வது என்று கேட்டார். எனக்குச் சொல்ல இஷ்டமில்லை. ஆனால் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் சுகம் இருக்கிறதே, அது மனிதனைச் சும்மா விடாது. பஸ் வரும் நேரத்தில் நின்றுகொண்டு, வெண்ணெய் முதல் பாலாடைக்கட்டி வரைக்கும் விலாவாரியாகச் சொல்லிவிட்டேன். அவர் பாலாடைக்கட்டிக்கு எங்கே போவார் என்ற தைரியம் வேறு.

அவர் எங்கும் போகவில்லை. காய்ந்த மிளகாய் அரைத்து, நெத்திலி பொரித்து, கருவேப்பிலையைத் தாளித்து மக்கரோனியை மீ கோரேங் நூடுல்ஸ் மாதிரி பிரட்டிவிட்டார். ராத்திரி என்னுடைய வெள்ளை மக்கரோனி சட்டியிலேயே கட்டி தட்டிக் கிடந்தது. மகன் அதை வைத்துக் காகிதம் ஒட்டலாம் என்றான். மகள் மட்டும் எனக்காக இரண்டு கரண்டி சாப்பிட்டாள். அக்கா கொடுத்தனுப்பியிருந்த கிண்ணத்தை நான் குளிர்பெட்டியில் ஒளித்து வைத்து, எல்லாரும் படுத்த பிறகு எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று எனக்கு அழுகைதான் வந்தது.

சிங்கப்பூரில் ஒரு பொது விடுமுறை நாளில் ஜெயித்துவிடலாம் என்று பார்த்தேன். அன்று நான் வீட்டில். அக்காவே சுவருக்கு வந்து, நீ இருக்கிறாய் அல்லவா, அப்படியென்றால் நான் சமைக்கவில்லை என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். நான் மத்தியானத்திலிருந்தே வேலையைத் தொடங்கி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், பருப்பு, அப்பளம் என்று மேசையை நிரப்பினேன். ஆறரைக்கு வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு பெரிய பொட்டலம் பீசாங் கோரேங், பொரித்த வாழைப்பழம். வழியில் சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். நான் அப்பளம் பொரித்துவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளைகள் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுதுவதாக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா எல்லாவற்றையும் கேட்டிருப்பார். மறுநாள் காலை, "ஆம்பளைங்களுக்கு என்னாம்மா தெரியும்" என்று எனக்காகப் பரிந்து பேசினார். அதுவும் பிடிக்கவில்லை எனக்கு.

அவர் என்ன சாப்பிடுவார் என்று மட்டும் எனக்குத் தெரிந்ததே இல்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பிள்ளைகள் சாப்பிட்ட சட்டியில் மிச்சமிருப்பதைச் சோற்றோடு வழித்து வாயில் போட்டுக்கொண்டே அடுப்பைத் துடைப்பார். உங்களுக்கென்று பிடித்தது எதுவும் கிடையாதா அக்கா என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் சாப்பிடுவதுதான் எனக்கும் என்று சொல்லிவிட்டு, உடனே என் பக்கம் திரும்பி நாளைக்கு என்ன சமையல் என்றார். அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு கேள்வி திரும்பி வரும்.

அப்புறம் கொரோனாக் கிருமி வந்தது. எல்லையை மூடப் போகிறார்கள் என்றதும் வேலையா வீடா என்று ஒரே நாளில் முடிவு செய்யச் சொன்னார்கள். வீட்டுக் கடன், கார் கடன் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு ஒரு பையில் துணியை அமுக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். சில வாரம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது மாதமாகி, வருடமாக இழுத்தது. இன்னும் சில பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். சமைக்கக் கூடாது என்பது அறைக்காரரின் சட்டம். வெந்நீர் கெட்டில் மட்டும் உண்டு.

அப்போதும் விடிகாலையில் கைப்பேசி அடிக்கும். எடுத்தால் அக்கா.

"ராத்திரிக்கு என்னாம்மா சமையல்?"

முதலில் கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். நான்கைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எதையாவது சொன்னேன். பிறகு ஒரு நாள் தாங்க முடியவில்லை. முதல் நாள் ராத்திரி மகனுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பாலம் அறை ஜன்னலிலிருந்து பார்க்கிற தூரம், போக முடியாது. அந்தக் கடுப்பெல்லாம் அக்காவின் மேல் இறங்கியது.

"இங்க அடுப்பே இல்லக்கா. மேகிக்கு வெந்நி ஊத்திக்கிட்டுக் கெடக்கறேன். என்னையப் போய் ஏங்க்கா கேக்கறீங்க? அங்க நீங்கதானே சமைக்கறீங்க, நீங்கதானே போடறீங்க. இனியாச்சும் என்னைய விட்ருங்க."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"நீ சொன்னாத்தான் நான் சமைக்க முடியும்மா" என்றார்.

என்ன பிடிவாதம் இது என்று எனக்கு வெறுத்துப்போனது. மக்கரோனி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீடியோவில் கூப்பிட்டேன். பிள்ளைகள் அக்கா வீட்டில் இருந்தார்கள். மகள் கைப்பேசியைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தாள். மேசைமேல் சிவப்பாக மக்கரோனி. மகன் காய்ச்சல் முகத்தோடு, வேண்டாம் என்று தட்டைத் தள்ளினான். அக்கா படத்தில் தெரியவில்லை. குரல் மட்டும் அடுப்புப் பக்கத்திலிருந்து வந்தது.

"அம்மா சமையல்டா அது. அம்மா உனக்குன்னு சொன்னது. மிச்சம் வைக்கக் கூடாது."

மகன் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். நான் இருக்கிறேன் என்பதற்காகச் சொல்கிறாரா என்று மகளிடம் மெல்லக் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பெரியம்மா தினமும் அப்படித்தானே சொல்வார்கள் என்றாள். அம்மா வர நேரமாகும், அதனால் அம்மா சமைக்கிறதை நான் முன்னாடியே செய்து தருகிறேன், அம்மா வந்து இதையேதான் சாப்பிடுவாங்க, அதனால நீங்க எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்ட மாதிரி என்பாராம். பாலர் பள்ளிக் காலத்திலிருந்தே இதுதானாம். கத்திரிக்காயைக்கூட அதனால்தான் தின்றார்களாம். அம்மா சமையல் ஆயிற்றே.

அந்த அறையில் கெட்டில் கொதித்து அணைந்துபோயிற்று. எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, கோபத்தை விடவும் முடியவில்லை. இதை அந்த மனுஷி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அத்தனை காலை, அந்தச் சுவர் ஓரத்தில், அந்தக் கோப்பியோடு நின்ற நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆற்றாமை போகவில்லை. அவர் செய்தது நல்லது என்று தெரிகிறது. அதனால் நான் இழந்த ராத்திரிச் சாப்பாடுகள் எனக்குத் திரும்பி வந்துவிடுமா? இரண்டும் உண்மைதான், இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். யோசித்து, மகனுக்கு இருமல் என்றால் மிளகு ரசம், மகளுக்குப் பரீட்சை என்றால் மீன், வெள்ளிக்கிழமை தெம்பே என்று சொன்னேன். அடுப்பில்லாத அறையிலிருந்து அந்த வருடங்களில் நான் சமைத்த அளவுக்கு என் வாழ்நாளில் சமைத்ததில்லை.

எல்லை திறந்து நான் வீடு வந்த பிறகு அந்தச் சுவர் ஓரத்தில் ரொம்ப காலம் அவர் நிற்கவில்லை. கால் வீங்கத் தொடங்கியது. மகன் வந்து சிகாமட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே மருமகள் நல்ல பெண், இவரை அடுப்புப் பக்கமே விடவில்லையாம். ஓய்வு கொடுக்கிறார்களாம். கேட்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மாடு மாதிரி உழைத்தவரை உட்கார வைத்தால் அவர் என்ன ஆவார்? இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது விடிகாலையில் கைப்பேசி அடிக்கும். என் பதிலைக் கேட்டுக்கொண்டு, "நல்லா செய்ம்மா" என்பார். சமைக்க அவருக்கு அடுப்பு இல்லை, போட அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் கேட்பார்.

போன வருடம் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு முன்னால் அவருடைய மகன் எனக்குப் போன் செய்தான். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலை போட வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

"சித்தி, அம்மாவுக்கு என்னா பிடிக்கும்னு எங்க யாருக்குமே தெரியலை. நீங்கதான் இத்தனை வருசம் பக்கத்துல இருந்தீங்க."

எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வருடக்கணக்கில் வாழ்ந்த ஒருவருக்கு இனிப்புப் பிடிக்குமா, காரம் பிடிக்குமா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தினமும் என் வாயைக் கிளறத் தெரிந்தவருக்குத் தன் வாய்க்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லையே. மகளிடம் கேட்டேன். அவள் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். யோசிக்காமல் பதில் சொன்னாள், நீங்க என்ன சமையல்னு சொன்னீங்களோ அதைத்தானேம்மா பெரியம்மா சாப்பிட்டாங்க என்று.

விடுப்பு எடுத்துக்கொண்டு சிகாமட்டுக்குப் போனோம். அந்த மருமகளின் அடுப்பில் நின்று நானே சமைத்தேன். சார்டின் குழம்பு, ரசம், முட்டை, தௌகேயும் நெத்திலியும், தெம்பே. காய்ந்த மிளகாயும் கருவேப்பிலையும் போட்டு அவர் பக்குவத்தில் மக்கரோனி. அன்றைக்குப் பொய்யாகச் சொன்ன கத்திரிக்காய்ப் புளிக்குழம்பையும் வைத்தேன். படையலுக்குச் சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்கக் கூடாது என்பார்கள். யாரும் தொடவில்லை. பிள்ளைகள் மதியம் வழியில் சாப்பிட்டதோடு சரி.

படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து ஒவ்வொன்றாக வைத்தோம். இலையில் மக்கரோனியைப் பார்த்ததும் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இது என்ன பழக்கம் என்று முனகினார். அம்மா சாப்பிட்டது இதுதான், வையுங்கள் என்றான் அக்காவின் மகன். விளக்கேற்றி, சூடம் காட்டி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

ஏழரை மணி இருக்கும். நான் வழக்கமாக வீடு வந்து சேர்கிற நேரம். சாத்திய கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளேயிருந்து புளிக்குழம்பும் நெத்திலியும் மணந்தன. என் மகன் பக்கத்தில் வந்து நின்றான். மீசை முளைக்கத் தொடங்கிய பையன், சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"எப்பம்மா சாப்பிடலாம்? ரொம்ப பசிக்குது."

அத்தனை வருடமும் என் சமையலுக்கு முன்னால் அவன் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுடா. பெரியம்மா சாப்பிட்டு முடிக்கட்டும்."